விட்டுக்கொடுத்த வேலை

ஏழாவது துண்டு உட்காரவில்லை. சவரிமுத்து முழங்காலால் அமுக்கிப் பார்த்தான், குதிகாலால் மிதித்துப் பார்த்தான், பல்லுக்குள் பல் போகாமல் ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டே நின்றது. கபடி மேட் விரிப்பதில் இதுதான் தொல்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மெத்தைத் துண்டு, நாலு பக்கமும் பல் வெட்டியிருக்கும், ஒன்றோடு ஒன்றைக் கோத்துக்கொண்டே போக வேண்டும், ஒன்று தூக்கினாலும் ஓடிவருகிறவன் கால்விரல் மாட்டி நகம் பெயர்ந்துவிடும். பெயரட்டும், தவமணியின் டிபார்ட்மெண்ட் பையன்களில் ஒருத்தனுக்காவது பெயரட்டும் என்று நினைத்தான். நினைத்த கையோடு, மாதாவே மன்னித்துக்கொள், அந்தப் பையன்கள் என்ன பாவம் பண்ணினார்கள் என்று இன்னும் ஒரு மிதி மிதித்தான். உட்கார்ந்துகொண்டது. மணி மூன்றரை. ஐந்து மணிக்கு டீம்கள் வந்துவிடும், தவமணி வந்துவிடுவான், அரசு டிபார்ட்மெண்ட் டீமின் மானேஜராக, மார்பில் முத்திரை போட்ட நீல டிராக் சூட்டும் கழுத்தில் அடையாள அட்டையுமாக. அதற்குள் மேட்டை விரித்து, கோட்டுக்கு டேப் ஒட்டி, முகம் கழுவி, பையில் மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மேட்ச் பார்க்க வந்தவனைப் போல அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். நான்கு வருஷம் டிவியில் முகம் காட்டிய ஆள் கூலிக்கு மேட் விரிக்கிறான் என்று தெரிந்த பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வேலை கேட்பது? மேட் வாடகைக்கு விடும் காஜா பாய் நல்ல மனுஷன், ஒரு காலத்தில் இவனோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வெயிலில் நின்றவர், பேர் வெளியில் வராமல் பார்த்துக்கிறேன் என்று சொல்லித்தான் கூப்பிட்டார். மெத்தை நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சாக்குச் சொல்லி சவரிமுத்து முகத்துக்கு மாஸ்க் போட்டிருந்தான். உள்ளரங்கத்தின் தகரக் கூரை அத்தனை வெயிலையும் அப்படியே கீழே இறக்க, மாஸ்குக்குள் அவன் மூச்சே அவனுக்குப் பிடிக்கவில்லை.

தவமணிக்குத் தொப்பை விழுந்துவிட்டது. போன மாதம் யாரோ அனுப்பிய போட்டோவில் பார்த்தபோது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, பிறகு இரண்டு நாள் அதையே நினைத்துக் குமைந்தான், ஏனென்றால் தொப்பை விழுந்தால் என்ன, ஒன்றாம் தேதி ஆனால் சம்பளம் வந்துவிடுகிறதே. விளையாடினாலும் வரும், விளையாடாவிட்டாலும் வரும், கால் ஒடிந்து கட்டிலில் கிடந்தாலும் வரும். பேப்பரைப் பிரித்தால் சவரிமுத்து இப்போதெல்லாம் விளையாட்டுப் பக்கத்துக்குப் போவதில்லை. அரசு ஊழியர்களுக்குப் பஞ்சப்படி உயர்வு என்று எங்காவது போட்டிருக்கிறதா என்று பார்ப்பான். போட்டிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. மூன்று சதவீதம் கூட்டியிருக்கிறான் என்று பெண்டாட்டி பிலோமினாவிடம் சொல்வான், யாருக்கு என்று அவள் கேட்பாள், யாருக்கோ என்பான், அவளுக்குத் தெரியும், பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். ஆட்டத்தில் தவமணி என்ன பெரிய ஆளா? இவன் இடது கார்னர், தவமணி இவனுக்குப் பக்கத்தில் கவர். கார்னரும் கவரும் கைகோத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், எதிரணியின் ரைடர் பாடிக்கொண்டு உள்ளே வந்தால் இரண்டு பேரும் ஒரே ஆளாகப் பாய வேண்டும், அதைச் செயின் என்பார்கள். ஒன்பது வருஷம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான், எப்போதும் வியர்த்து ஊறிக் கிடக்கிற கை, பாய்வது முழுக்க சவரிமுத்து, அந்தக் கை கூடவே வரும், அவ்வளவுதான். கணுக்காலைப் பிடித்தால் லாரியே நின்றுவிடும் என்று கமென்ட்ரியில் சொன்னது சவரிமுத்துவைப் பற்றித்தான். தவமணியைப் பற்றி ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்படி ஒன்றும் சொல்ல ஆளில்லாதவனுக்குக் குவாட்டர்ஸ், மகளுக்கு ஸ்கூல் வேன், மாமியாருக்குக்கூட மெடிக்கல் கார்டு. மாமியாருக்கு எப்படிக் கிடைக்கும், அது பொய்யாக இருக்கும் என்று தன்னையே திருத்திக்கொண்டான். ஆனாலும் கிடைத்திருக்கும் என்றுதான் தோன்றியது. எட்டாவது துண்டை எடுத்தான்.

கபடி லீக் ஏலத்தில் அவன் பேர் வந்த அன்றைக்கு ஊரே அவன் வீட்டு டிவி முன்னால்தான் இருந்தது. அந்தத் தொகையை அறிவித்தபோது முதலில் யாரும் சத்தம் போடவில்லை, எத்தனை சைபர் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள், அப்புறம்தான் வெடி. அந்த நாலு வருஷமும் எங்கே போனது என்று கேட்டால் அவனுக்கே கோர்வையாகச் சொல்ல வராது. கார் வாங்கினான், அது போயிற்று. மச்சான் ஜிம் வைக்கலாம் என்றான், அதில் போட்டதில் பாதிக்கு மெஷின் வந்தது, மீதிக்கு மச்சான் வீட்டில் மாடி வந்தது. நிலைக்கும் ஜன்னலுக்கும் தேக்கு போட்டு வீடு கட்டினான், மேல்தளம் முடியவில்லை, கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நிற்கின்றன. ஐந்தாவது வருஷம் தோள்பட்டை இறங்கியது. ஏலத்தில் அவன் பேரை வாசித்தார்கள், எட்டு மேஜையிலும் ஒருத்தரும் கை தூக்கவில்லை, அடுத்த பேர் என்று போய்விட்டார்கள். முப்பத்து மூன்று வயதில் ஒருத்தன் ஓய்வு பெற்றுவிட்டான் என்று எந்த ஊரிலாவது உண்டா? அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் ஓட்டியாயிற்று, இப்போது இருபத்தெட்டாம் தேதிக்குள் கடனைக் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும் என்று வங்கியிலிருந்து வந்து கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பிலோமினா அதன் மேல் ஒரு மாதா காலண்டரை மாட்டி மறைத்திருக்கிறாள். இந்த நேரத்தில்தான் பழைய பிளேயர்கள் குரூப்பில் அந்தச் செய்தி வந்தது. டிபார்ட்மெண்டில் புதிதாகப் பெண்கள் அணி எடுக்கிறார்கள், கான்ட்ராக்டில் கோச் போடுகிறார்கள், தவமணி யார் பேரை எழுதுகிறானோ அவருக்குத்தான். மாதாமாதம் வரும் பணம் என்று ஒன்று இருந்தால் வங்கியில் தவணை மாற்றித் தருவார்கள், வங்கி மானேஜரே சொல்லியிருக்கிறார். பச்சையைக் கொண்டுபோய் ஓரத்து லாபியில போட்டிருக்கீங்களேண்ணே, அங்க சிவப்புல்ல வரணும் என்று காஜா பாய் பின்னால் வந்து நின்று மெதுவாகச் சொன்னார். பார்த்தான், அவனுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது, இந்த அரங்கத்து லைட் அப்படி. அவர் காட்டிய மூன்று துண்டுகளைப் பெயர்த்து எடுத்து வேறு அடுக்கிலிருந்து மாற்றிப் போட்டான்.

தவமணியிடம் இதைக் கேட்பதில் அவனுக்கு வெட்கமில்லை என்பதைத்தான் காலையிலிருந்து தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்கிறான். மற்றவர்களிடம் கேட்டால் பிச்சை, இவனிடம் கேட்டால் பாத்தியதை. ஏனென்றால் தவமணி உட்கார்ந்திருக்கும் நாற்காலி சவரிமுத்துவுடையது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டிபார்ட்மெண்ட் ஆள் எடுத்தபோது இரண்டு பேரும்தான் போனார்கள், டிரையல் முடிந்தது, மெடிக்கல் முடிந்தது, சவரிமுத்துவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு செலக்‌ஷன் கமிட்டியில் இருந்த ஞானதுரை சார் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த மெடிக்கல்கூட ஒரு கூத்து. சட்டையைக் கழற்றி நிற்க வைத்து, எடை பார்த்து, கடைசியில் டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்தார், பக்கம் முழுக்க புள்ளி புள்ளியாக, உள்ளே என்ன நம்பர் என்று கேட்டார். நம்பரே இல்லையே சார் என்று இவன் சிரிக்க, டாக்டரும் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். அடுத்த வாரமே லீக் ஏலம். டிபார்ட்மெண்டில் சேர்ந்தால் லீக்குக்கு விடமாட்டார்கள் என்று பேச்சு. இந்த மாசச் சம்பளம் யாருக்கு வேண்டும் என்று இருந்த காலம் அது. ஞானதுரை சாருக்குப் போன் போட்டு, எனக்கு வேண்டாம் சார், தவமணிக்குக் குடுத்துருங்க, பாவம், கூடப் பொறந்தது மூணு பொண்ணுங்க என்றான். சரிப்பா என்றார். அவ்வளவுதான், ஒரு நிமிஷப் பேச்சு, ஒரு மனுஷனுக்கு வாழ்க்கை. அதைத் தவமணி மறந்ததே இல்லை, அதுதான் இன்னும் கொடுமை. தன் கல்யாணத்தில் சொன்னான், மகள் காதுகுத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னான், அண்ணன் விட்டுக்கொடுத்த வேலை, அண்ணன் விட்டுக்கொடுத்த வேலை. ஆரம்பத்தில் அதைக் கேட்க சவரிமுத்துவுக்கு நெஞ்சு நிறையும், முன் வரிசையில் உட்கார்ந்து, அட விடுப்பா என்று கையை ஆட்டுவான். கார் போன பிறகு அதே பேச்சு உடம்பெல்லாம் அரித்தது. கொடுத்தவன் பஸ்ஸில் வருகிறான், வாங்கினவன் காரில் கொண்டுவந்து விடட்டுமா என்கிறான். ராத்திரி படுத்தால், அந்தப் போனை மட்டும் போடாமல் இருந்திருந்தால் என்று அந்த ஒரு நிமிஷத்தையே திருப்பித் திருப்பி வாழ்ந்து பார்ப்பான். போன் போடவில்லை, குவாட்டர்ஸ் தன்னுடையது, வேனில் ஏறுவது தன் பிள்ளை, தவமணி எங்கோ வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறான், பார்க்கும்போதெல்லாம் தானே அவனுக்கு டீ வாங்கிக் கொடுக்கிறான். இந்த இடத்தில் தூக்கம் வந்துவிடும். வாக்கியம் தயாராக இருந்தது, குளிக்கும்போதும் பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்ததுதான். தவமணி, அன்னைக்கு நான் உனக்கு ஒண்ணு குடுத்தேன், இன்னைக்கு நீ எனக்கு ஒண்ணு குடு. கெஞ்சல் எங்கேயும் இருக்கக்கூடாது. கடைசித் துண்டையும் கோத்து முடித்துவிட்டு டேப்பை எடுத்து போனஸ் கோட்டை ஒட்ட ஆரம்பித்தான்.

கேலரிப் படியில் யாரோ இருமினார்கள். வெள்ளை வேட்டி, கைத்தடி, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். ஞானதுரை சார். பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆறேழு வருஷம் ஆகிவிட்டது, இன்றைக்குச் சிறப்பு விருந்தினர், வயசானவர்களுக்கே உரிய வழக்கப்படி ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மாஸ்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தான். பிரயோஜனமில்லை, சவரிதானே என்று கேட்டுவிட்டார், நடையை வைத்துக் கண்டுபிடித்தாராம், கார்னர் ஆடினவன் நடை மாறாதாம். என்னப்பா இது என்று கேட்கவில்லை, அந்த மட்டுக்கும் நல்லவர், வா உட்காரு என்று படியைத் தட்டினார். தோள்பட்டையைக் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே சவரிமுத்துவுக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. இவர் சாட்சி ஆயிற்றே! இவரும் இன்றைக்குத் தவமணியிடம் ஒரு வார்த்தை சொன்னால் காரியம் இன்னும் கெட்டியாகிவிடும். மாஸ்கைக் கழற்றினான், பெண்கள் அணிக்குக் கோச் போடுவதைச் சொன்னான், தவமணியிடம் கேட்கப் போவதையும் சொன்னான், சொல்லிவிட்டு, உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல சார், நான்தானே போன் பண்ணி அந்த வேலையை அவனுக்குக் குடுக்கச் சொன்னேன் என்றான். கிழவர் பக்கத்திலிருந்த பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"அவன் உங்கிட்ட சொல்லவே இல்லையாப்பா?"

எதை என்று கேட்டான்.

"நீ மெடிக்கல்ல ஃபெயிலாயிட்டியே. சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியலைன்னு டாக்டர் எழுதிட்டாரு. நீ போன் பண்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே லிஸ்டு முடிஞ்சுபோச்சு, அவன் பேருதான் இருந்துச்சு. உங்கிட்ட சொல்லச் சொல்லி அவங்கிட்டதான் சொன்னேன். அண்ணன் ஏலத்துக்குப் போற நேரம், மனசு விட்டுரும், நானே பக்குவமா சொல்லிக்கிறேன் சார்னான். நீ போன்ல அப்படிச் சொன்னதும், அவன் சொல்லிட்டான் போல, மனச ஆத்திக்கிறதுக்காகச் சொல்றியாக்கும்னு நெனச்சு சரின்னுட்டேன்."

தவமணியிடம் நானும் சொல்கிறேன், உன்னை மாதிரி ஆள் கிடைக்கணுமே என்று அவர் அதற்குமேல் என்னென்னவோ சொன்னார். சவரிமுத்து தலையாட்டிவிட்டு வந்து முழங்காலிட்டு டேப்பை எடுத்துக்கொண்டான். நடுக்கோடு இன்னும் ஒட்டவில்லை. மேட்டைப் பார்த்தான். காஜா பாய் மாற்றச் சொன்ன மூன்று துண்டுகள் எங்கே என்று தேடினான், கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லாம் ஒரே அழுக்கு நிறமாக விரிந்து கிடந்தது. அந்த டாக்டர் சிரித்த சிரிப்பு. டேப் கோணலாகப் போயிற்று, பிய்த்து மறுபடி ஒட்டினான். கிழவருக்கு வயசாகிவிட்டது, யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறார். இல்லை, தோள்பட்டை வரை ஞாபகம் இருக்கிறது அவருக்கு. அப்படியென்றால் நான் எதையுமே கொடுக்கவில்லை. இல்லாத சாமானைத் தூக்கிக் கொடுத்துவிட்டு பன்னிரண்டு வருஷம் முன் வரிசையில் உட்கார்ந்து அட விடுப்பா என்று கையை ஆட்டியிருக்கிறேன், அவன் அங்கே மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாம் தெரிந்து நின்றிருக்கிறான். சிரித்திருப்பானோ? பெண்டாட்டியிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்பார்களோ? சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது, அப்படி என்றால் அவனைக் கெட்டவன் என்று வைத்துவிடலாம். யோசித்து யோசித்துப் பார்த்தும் தவமணி சிரிக்கிற மாதிரி ஒரு படம் மனசில் வரவில்லை. வந்ததெல்லாம் அந்த ஈரக் கைதான், பிடித்தால் விடாமல் கூடவே வருகிற கை. காசு போயிற்று, தோள் போயிற்று, வீடு போகப் போகிறது, ஆனாலும் ஒருத்தனுக்கு வாழ்வு கொடுத்தவன் என்ற ஒன்றை மட்டும் யாராலும் ஏலம் போட முடியாது என்று இருந்தான். அதுவும் அவன் கொடுத்ததாம். வேலையும் அவனுடையது, கொடுத்த பெருமையும் அவன் எனக்குக் கொடுத்தது. சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று இப்போது தெரிந்தது. இந்தப் பெரிய மனசு இருக்கிறதே, இதைப் பார்த்துத்தான் வயிறு காந்தியது. என் கையில் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன், முதல் சண்டையிலேயே சொல்லியிருப்பேன், நீ கலர் தெரியாதவன்டா என்று நாலு பேர் நடுவில் சொல்லியிருப்பேன். இப்போது போய் என்னவென்று கேட்பது? பாத்தியதை போய்விட்டது, பிச்சைதான் மிச்சம். கேட்காமல் போய்விடலாம், பின்வாசல் திறந்துதான் கிடக்கிறது. போனால் இருபத்தெட்டாம் தேதி. காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டுப் பிலோமினா அந்தக் காகிதத்தை என்றைக்காவது ஒரு நாள் படித்துத்தானே ஆகவேண்டும்.

பஸ் முன்னாலேயே வந்துவிட்டது. ஐந்து மணி என்று சொன்னவர்கள் நாலே முக்காலுக்கே திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். வெள்ளைச் சட்டை பையிலேயே கிடக்க, முழங்காலில் நின்றபடி, கையில் டேப்பும் வாயில் கத்தரித்த துணுக்குமாகத்தான் சவரிமுத்து தவமணியின் கண்ணில் பட்டான். தவமணி ஒரு நொடி நின்றான். அடுத்த நொடி செருப்பை உதறிவிட்டு மேட்டில் ஏறி வந்து இவன் கையைப் பிடித்துத் தூக்கினான். இங்க என்னண்ணே பண்றீங்க என்று கேட்கவில்லை, காஜா பாய்க்கு ஒத்தாசையா என்று அவனே ஒரு காரணத்தையும் சொல்லிக் கொடுத்தான். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றான் சவரிமுத்து, எவ்வளவு லாகவம், எவ்வளவு வருஷத்துப் பழக்கம். தவமணி பையன்களைக் கூப்பிட்டான். பன்னிரண்டு பேரும் வந்து வரிசையாக நின்றார்கள், கழுத்தும் தோளுமாக, அத்தனை பேருக்கும் ஒன்றாம் தேதி சம்பளம்.

"யாருன்னு தெரியுதாடா? சவரி அண்ணன். இவரு விட்டுக்குடுத்த வேலைலதாண்டா நான் சோறு திங்கிறேன்."

பையன்கள் கும்பிட்டார்கள். கேலரியில் ஞானதுரை சார் தடியை ஊன்றிக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தார். தெரியும்டா தவமணி, சார் எல்லாம் சொல்லிட்டாரு, இத்தனை நாள் நீ சொல்லாம இருந்ததுக்கு நன்றிடா என்று ஒரு வார்த்தை, அதைச் சொன்னால் போதும், இந்த மனுஷனுக்குப் பன்னிரண்டு வருஷத்துப் பாரம் இறங்கும், தனக்கும் இறங்கும், அதற்கப்புறம் அவனாகவே வேலைக்கு வழி பண்ணிக் கொடுக்கவும் கூடும். பண்ணுவான், நிச்சயம் பண்ணுவான். ஆனால் அது அவன் போட்ட பிச்சையாக இருக்கும், இவன் வாங்கினதாக இருக்கும். தவமணியின் முகம் வெகு பக்கத்தில் இருந்தது, கொஞ்சம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்து, அண்ணன் என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருக்கிற முகம். அந்த முகத்தை சவரிமுத்து அந்த நிமிஷம் வெறுத்த மாதிரி வேறு எதையும் வெறுத்ததில்லை. துணுக்கைத் துப்பினான்.

"ஆமா தவமணி. அன்னைக்கு நான் உனக்கு ஒண்ணு குடுத்தேன். இன்னைக்கு நீ எனக்கு ஒண்ணு குடுக்கணும்."

"சொல்லுங்கண்ணே" என்றான் தவமணி. கண் இமைகூட அசையவில்லை. சவரிமுத்து கோச் வேலையைச் சொன்னான், வீட்டைச் சொன்னான், தேதியைச் சொன்னான், பையன்களுக்குக் கேட்கிற மாதிரி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறவனின் அதட்டலோடு ஒன்று விடாமல் சொன்னான். தவமணி தலையைக் குனிந்து, வாங்கினவன் மாதிரியே கேட்டுக்கொண்டு நின்றான்.